ஊர்ப் பாதுகாவலர் என்றால் யார்? நேப்பிள்ஸ் மக்களும் அவர்களின் ஜெனாரோவும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்படி ஒரு போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு புனிதரின் படம், பக்கத்தில் "எங்கள் பாதுகாவலர்" என்று கொட்டை எழுத்து, கீழே கொடியேற்றம், நவநாள், கூட்டுத் திருப்பலி, தேர்ப் பவனி என்று நாள்வாரியாக நிகழ்ச்சி, அதற்கும் கீழே ஃபாதர் பெயர், ஊர்ப் பெரியவர்கள், இளைஞர்கள், "அனைவரும் வருக". இதைப் பார்க்கிற கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்கு ஏசு ஒருத்தர்தானே சாமி, அப்புறம் இவர் யாரு, இந்த ஊருக்கு மட்டும் தனியா?" நியாயமான கேள்வி. கோயிலுக்கே வாராவாரம் போகிறவர்களில் பலருக்கும் இதற்குப் பதில் சொல்ல வராது, "நம்ம ஊரு சாமி" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் கோட்பாட்டை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். கத்தோலிக்க நம்பிக்கையில் ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. புனிதர் கடவுள் அல்ல. நம்மைப் போல வாழ்ந்து செத்த மனிதர், இப்போது கடவுளோடு இருக்கிறார் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவர். அவருக்குச் செய்வது வணக்கம், அவரிடம் கேட்பது பரிந்துரை. "எனக்கு இதைக் கொடு" என்பதல்ல, "எனக்காக அவரிடம் சொல்லு" என்பதுதான் கணக்கு. நடைமுறையில் கூட்டத்தில் நின்று அழுகிறவர் இந்த வித்தியாசத்தையெல்லாம் யோசித்துக்கொண்டா இருப்பார் என்று கேட்டால், இல்லைதான். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருவது இதுதான்.

அப்படிப்பட்ட ஒரு புனிதரை ஒரு கோயிலோ, ஒரு ஊரோ, ஒரு தொழில் செய்பவர்களோ "இவர் எங்களுக்காகப் பேசுபவர்" என்று வைத்துக்கொண்டால் அவர் பாதுகாவலர். அவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், வந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. கிருஷ்ணகிரியில் ஃபாத்திமா மாதா இருக்கிறார். ஃபாத்திமா என்பது போர்ச்சுகலில் ஒரு சிற்றூர், 1917-இல் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா அங்கே காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அந்த ஊர் எங்கே, நம்ம ஊர் எங்கே! தர்மபுரி மறைமாவட்டம் (ஒரு பிஷப்பின் கீழ் வரும் பகுதி) சேலத்திலிருந்து பிரிந்து தனியானது 1997-இல்தான், அதன் பேராலயம் இயேசுவின் திரு இருதயத்தின் பெயரில் இருக்கிறது. ஆக, ஒரு பெயர் ஒரு ஊருக்கு வந்து சேர ஆயிரம் வழி உண்டு. மிஷனரி கொண்டுவருவார், கொள்ளைநோய் கொண்டுவரும், சில சமயம் திருட்டும் கொண்டுவரும். வெனிஸ் வியாபாரிகள் 828-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைக் கடத்தி வந்ததாகச் சொல்வார்கள், முஸ்லிம் அதிகாரிகள் தொடமாட்டார்கள் என்று பன்றி இறைச்சிக்கு அடியில் ஒளித்து வைத்தார்களாம். அதற்கு முன்பு வெனிஸின் பாதுகாவலராக இருந்த தியோடோர் பாவம், அப்புறம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒரு ஊரே ஒரு புனிதரோடு உறவு கொண்டாடி, ஒப்பந்தம் போட்டு, திட்டி, ஒரு கட்டத்தில் வேலையை விட்டே தூக்கி, மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்த கதை வேண்டும் என்றால் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குத்தான் போக வேண்டும். பாதுகாவலர் என்ற சங்கதி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அவர் பெயர் ஜெனாரோ, லத்தீனில் ஜனுவாரியுஸ். கதைப்படி அவர் பெனவெந்தோ என்ற ஊரின் ஆயர், அதாவது பிஷப். கி.பி. 305 வாக்கில், ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலம். சோசியுஸ் என்ற திருத்தொண்டரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஜெனாரோ அவரைப் பார்க்கப் போகிறார். போனவரையும் பிடித்துக்கொண்டார்கள். திமோத்தேயு என்ற ஆளுநர் அவரை எரியும் சூளைக்குள் தள்ளச் சொன்னார், துணிகூடக் கருகவில்லை. பொசுவோலி அரங்கத்தில் காட்டு விலங்குகளுக்கு முன் நிறுத்தினார்கள், அவை வந்து காலடியில் படுத்துக்கொண்டன. ஆளுநருக்கே கண் பார்வை போய், ஜெனாரோ செபித்ததும் திரும்ப வந்தது, அப்படியும் மனுஷன் மனம் மாறாமல் தலையை வெட்டச் சொல்லிவிட்டார். சோல்ஃபத்தாரா என்று பெயர், தரையிலிருந்து கந்தகப் புகை வந்துகொண்டே இருக்கும் எரிமலைப் பள்ளம், அதன் அருகில் செப்டம்பர் 19 அன்று வெட்டினார்கள். யுசேபியா என்ற பெண் அந்த இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளில் பத்திரப்படுத்தினார்.

இதில் எவ்வளவு நடந்தது? வேதசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிரை விட்டவர்கள்) கதையில் நெருப்பு சுடாததும் விலங்கு கடிக்காததும் அடிக்கடி வருகிற விஷயங்கள், பைபிளின் தானியேல் நூலிலிருந்தே அந்த மரபு இருக்கிறது. ஜெனாரோ இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் அவரைப் பற்றிய எழுத்து முதன்முதலாகக் கிடைக்கிறது. நோலா ஊரின் ஆயர் பவுலீனுஸ் 431-இல் சாகும் தறுவாயில் ஜெனாரோவைக் கண்டதாக ஒரு கடிதம் சொல்கிறது, அங்கேயே அவரை ஆயர் என்றும் வேதசாட்சி என்றும் நேப்பிள்ஸ் சபையின் பெருமை என்றும் குறிப்பிடுகிறார்கள். சூளை, விலங்கு, யுசேபியா எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை. ஆக, அப்படி ஒருவரை அந்த ஊர் அன்றே கொண்டாடிக்கொண்டிருந்தது என்பது உறுதி, மற்றது கர்ண பரம்பரை. என்னைக் கேட்டால் இந்தப் பகுதியில் ரொம்ப நேரம் நின்று உண்மையா பொய்யா என்று குடைய வேண்டியதில்லை, சுவாரசியம் அவர் செத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டில் அவருடைய எலும்புகளை நேப்பிள்ஸ் நிலத்தடிக் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். 831-இல் பெனவெந்தோ பிரபு சீக்கோ படையெடுத்து வந்து எலும்புகளை அள்ளிக்கொண்டு போனார் ("எங்கள் ஆயர், எங்களுக்குத்தான்" என்ற நியாயம் அவர்களுக்கு). தலை மட்டும் நேப்பிள்ஸில் தங்கியது. மீதி 1497-இல்தான் திரும்பி வந்தது. இதற்கு நடுவில், 1389-இல், குப்பியில் உறைந்து கிடந்த இரத்தம் இளகி ஓடியது என்று முதல் குறிப்பு வருகிறது. செத்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு வரை இந்த இரத்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் அது நடக்கிறது, ஆண்டுக்கு மூன்று முறை: மே மாத முதல் ஞாயிறுக்கு முந்திய சனி, செப்டம்பர் 19, டிசம்பர் 16. வட்டமான ஒரு பேழை, இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே இரண்டு குப்பி. சின்னது கிட்டத்தட்டக் காலி. பெரியது வாதுமை வடிவம், பாதிக்கு மேல் கறுத்துக் கெட்டியான ஒரு பொருள் அடைத்துக்கொண்டிருக்கிறது. பேராயர் பேழையை எடுத்து, தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கட்டி அசையாமல் ஒட்டிக்கொண்டு இருந்தால் செபம் தொடரும். எப்போது அது குப்பிக்குள் நழுவி ஓட ஆரம்பிக்கிறதோ, பக்கத்தில் நிற்பவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவார், கோயில் முழுக்கக் கைதட்டல். சில சமயம் பெட்டகத்திலிருந்து எடுக்கும்போதே இளகியிருக்கும், சில சமயம் மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் நடக்கவே நடக்காது. நடக்காவிட்டால் ஊருக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். 1980 செப்டம்பரில் இளகவில்லை, நவம்பர் 23 அன்று நிலநடுக்கம் வந்து தெற்கு இத்தாலியில் பல ஊர்கள் தரைமட்டமாயின. 2020 டிசம்பரில் இளகவில்லை, அந்த ஆண்டைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இளகாமலிருந்தும் ஒன்றும் ஆகாமல் போன ஆண்டுகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1527 ஜனவரி 13. ஊரில் கொள்ளைநோய், சுற்றிலும் போர், தலைக்கு மேல் வெசுவியஸ் எரிமலை. நேப்பிள்ஸ் மக்களின் பிரதிநிதிகள் பேராலயத்தில் கூடி, நோட்டரி முன்னிலையில், முறையாகப் பத்திரம் எழுதினார்கள். ஒரு தரப்பு நேப்பிள்ஸ் நகரம், இன்னொரு தரப்பு செத்து ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆன ஜெனாரோ. நீங்கள் எங்களைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றுங்கள், நாங்கள் உங்களுக்குப் புதுச் சிற்றாலயம் கட்டித் தருகிறோம். நம்ம ஊரில் இதற்குப் பொருத்தனை என்றும் நேர்த்திக்கடன் என்றும் பெயர். அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொள்பவருக்கும், செபஸ்தியாருக்கு உப்பும் மிளகும் போடுகிறேன் என்பவருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாகப் புரியும். ஆனால் அதைப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தவர்கள் இவர்கள்தான்.

இதிலிருந்து ஒன்று புரிந்துகொள்ளலாம். பாதுகாவலர் விஷயத்தில் ஒப்பந்தம் போடுவது ஊர், ஃபாதரோ பேராயரோ அல்ல. சொன்னபடி சிற்றாலயத்தைக் கட்ட அவர்களுக்கு அவசரமே இல்லை, 1601-இல்தான் அதற்கென்று நகரக் குடும்பங்களிலிருந்து ஒரு குழு போட்டார்கள், 1608-இல் அடிக்கல், 1646-இல் திறப்பு. கடனை நூறு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்திருக்கிறார்கள்! ஆனால் கட்டியதைக் கஞ்சத்தனமாகக் கட்டவில்லை. அந்தக் குழு இன்றைக்கும் இருக்கிறது. சிற்றாலயமும் அதன் பொக்கிஷமும் ஊருக்குச் சொந்தம், மறைமாவட்டத்துக்கு அல்ல. அந்தப் பொக்கிஷத்தில் 1713-இல் செய்த ஒரு ஆயர் தொப்பி இருக்கிறது, அதில் பதித்த வைரம், மாணிக்கம், மரகதக் கற்கள் மட்டும் 3,694. ராஜா ராணிகள் மாறி மாறிக் கொடுத்த நகைகள் வேறு. நம்ம பக்கத்திலும் திருவிழாக் கமிட்டி, வரி, கணக்கு, தேர் யார் வீட்டு வழியாகப் போக வேண்டும் என்ற தகராறு எல்லாம் ஊர்க்காரர்கள் கையில்தானே இருக்கும், ஃபாதர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அதேதான் அங்கேயும், பணம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

1631-இல் டிசம்பர் 16 அன்று வெசுவியஸ் வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், சாம்பல் வானத்தை மூடிக்கொண்டது. புனிதரின் தலை இருந்த வெள்ளிச் சுரூபத்தையும் இரத்தக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு எரிமலையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள், நெருப்புக் குழம்பு ஊருக்குள் வராமல் நின்றுவிட்டது. டிசம்பர் 16 திருநாள் இதற்காகத்தான். எரிமலையைப் பார்த்துக் கையை நீட்டி "நில்" என்று சொல்வது போன்ற ஒரு சிலையும் அந்த ஊரில் ஒரு பாலத்தின் மேல் இருக்கிறது, அது 1767 வெடிப்புக்குப் பிறகு வைத்தது.

காப்பாற்றினால் வைரம், சரி. காப்பாற்றத் தாமதித்தால்? அதற்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். இரத்தம் இளகும் நாளில் முன்வரிசை வயதான பெண்களுக்கு. இவர்களுக்கு "ஜெனாரோவின் சொந்தக்காரர்கள்" என்றே பெயர், அவரைப் பாலூட்டி வளர்த்தவளின் வழிவந்தவர்கள் என்று ஒரு நம்பிக்கை. முதலில் பழைய பாட்டாகப் பாடி, மன்றாடி, கொஞ்சுவார்கள். நேரம் ஆக ஆகத் தொனி மாறும். "ஏய் மஞ்ச மூஞ்சி, என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" என்கிற அளவுக்குப் போகும் (சுரூபம் பொன் முலாம் பூசியது, முகம் மஞ்சளாகத்தான் இருக்கும்). வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோய் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அதிர்ச்சி இல்லை. மழை பொய்த்தால் "உனக்குக் கண்ணில்லையாடி?" என்று மாரியம்மன் முன்னால் மண்ணை வாரித் தூற்றும் ஆயாக்களை இந்த மாவட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டிகளை உடனே அடையாளம் தெரியும். உரிமை இருக்கிற இடத்தில்தான் திட்டு வரும், அந்நியரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

திட்டியதோடு நிற்கவில்லை. 1799 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை நேப்பிள்ஸைப் பிடித்துக் குடியரசு அறிவித்தது. ஏழை எளிய மக்கள் ராஜா பக்கம், தெருத்தெருவாகச் சண்டை போட்டுச் செத்தார்கள். பிரெஞ்சுத் தளபதிக்கோ ஊரை அமைதிப்படுத்த வேண்டும், அதற்கு ஜெனாரோவின் இரத்தம் இளக வேண்டும். இளகியது! பேராயரைத் துப்பாக்கி காட்டி மிரட்டித்தான் இளக வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, மக்களுக்குப் பொறுக்கவில்லை. நம்ம ஆள் எதிரிக்கு வேலை செய்கிறான், துரோகி. ராஜாவின் ஆதரவுப் படை ஒன்றைக் கர்தினால் ருஃபோ திரட்டிக்கொண்டு வந்து ஊரை மீட்ட நாள் ஜூன் 13. அது யாருடைய திருநாள்? பதுவை அந்தோணியார். முடிந்தது கதை. ஜெனாரோவைப் பதவியிலிருந்து இறக்கி, அந்தோணியாரை ஊர்ப் பாதுகாவலராக்கிவிட்டார்கள். அந்தோணியார் ஜெனாரோவைத் தடியால் விரட்டுவது போலப் படம்கூடப் போட்டு விற்றிருக்கிறார்கள்.

ஆம், நம்ம அதே அந்தோணியார்தான். செவ்வாய்க்கிழமை நவநாள், ரொட்டி நேர்ச்சை, காணாமல்போன சாவியைக் கண்டுபிடித்துத் தருபவர். லிஸ்பனில் பிறந்து, 1231-இல் பதுவையில் இறந்து, மறு ஆண்டே புனிதர் பட்டம் வாங்கியவர். நேப்பிள்ஸ் அரசியலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஊர் விடுபட்ட நாள் அவர் திருநாளாக அமைந்ததைத் தவிர. ஒரு புனிதர் ஒரு ஊருக்கு வந்து சேர அவ்வளவு போதும். சில ஆண்டுகள் ஓடின, கோபம் ஆறியது, எரிமலை பக்கத்தில் இருக்கும்போது பழக்கப்பட்ட ஆளைப் பகைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் இருப்பது, ஜெனாரோ மறுபடி தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

குப்பிக்குள் இருப்பது என்ன என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. 1991-இல் மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். இரும்பு குளோரைடு, சுண்ணாம்புக்கல் பொடி, உப்பு, தண்ணீர் இவற்றை வைத்தே, அதாவது 14-ஆம் நூற்றாண்டில் ஒருவர் கையில் கிடைக்கக்கூடிய சாமான்களை வைத்தே, ஒரு பழுப்புக் கூழைத் தயாரித்துக் காட்டினார்கள். சும்மா வைத்தால் கெட்டி, லேசாக ஆட்டினால் நீர். தக்காளி சாஸ் பாட்டிலைத் தட்டினதும் திடீரென்று கொட்டுகிறதே, கிட்டத்தட்ட அந்தக் குணம்தான். இதற்கு வேண்டிய இரும்பு உப்பு வெசுவியஸ் மேலேயே கிடைப்பது. உள்ளே இருப்பது இதுதான் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை, இதுவாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள். குப்பியைத் திறந்து சோதிக்க அனுமதி இல்லை. கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்து இரத்தத்தின் அடையாளம் தெரிகிறது என்றவர்களும் உண்டு. திருச்சபை இதை அற்புதம் என்று அதிகாரபூர்வமாக இன்றுவரை அறிவித்ததே இல்லை. மறுக்கவும் இல்லை. எனக்கு அந்த வேதியியல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அதைக் கொண்டுபோய் முன்வரிசைப் பாட்டியிடம் காட்டினால் ஆட்டினால்தானே இளகும், 2020 டிசம்பரில் ஆட்டியும் ஏன் இளகவில்லை என்று திருப்பிக் கேட்பார்.

2015 மார்ச்சில் போப் பிரான்சிஸ் போயிருந்தபோது பாதிதான் இளகியது. புனிதர் நம்மைப் பாதிதான் நேசிக்கிறார் போல, இன்னும் நாம் மனம் மாற வேண்டும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். 1969-இல் ரோம் புனிதர்களின் நாட்காட்டியைத் திருத்தியபோது ஜெனாரோவின் நாளை உலகம் முழுக்கக் கட்டாயமில்லாத நினைவாக இறக்கிவிட்டது. வேறு ஊராக இருந்தால் போராட்டம், மனு என்று போயிருப்பார்கள். நேப்பிள்ஸில் சுவரில் கிறுக்கினார்கள், அவர்கள் வழக்குப் பேச்சில்: "ஜெனாரோ, நீ கண்டுக்காத, விடு."

இப்போது அந்த ஊருக்கு ஜெனாரோவோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட துணைப் பாதுகாவலர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டே போனதில் வந்த எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் அந்தோணியாரும் உண்டு.